தோட்டத்து டர்ஃப்: விரிக்கும் முன் மண்ணைப் பாருங்கள்

இரவு ஒன்பது மணி. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில் இருபுறமும் தென்னந்தோப்பு இருண்டு கிடக்கிறது. ஓரிடத்தில் மட்டும் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது. முப்பது அடி உயர இரும்புக் கம்பங்கள், சுற்றிலும் தலைக்கு மேலும் நைலான் வலை, உள்ளே மினுமினுக்கும் பச்சை விரிப்பு. மட்டையில் பட்ட டென்னிஸ் பந்து வலையில் போய் அடிக்கிறது. பைக்குகள் வரப்போரம் வரிசையாக நிற்கின்றன. பின்னால் தோட்டத்து வீடு. வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வருடம் வரை அங்கே தென்னை நின்றது.

கோவை, ஈரோடு, சேலம் என்று தொடங்கி மதுரை, திருநெல்வேலி வரை ஊருக்கு வெளியே இந்தக் காட்சி இப்போது சகஜம். முதலில் நகரத்து ஓரங்களில் வாடகைக்கு விடும் 'பாக்ஸ் கிரிக்கெட்' டர்ஃபாக வந்தது. இப்போது கிராமத்து வீட்டின் பின்கட்டுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் விளையாட என்று சொந்தமாகப் போடுகிறவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் விளையாடியது போக மிச்ச நேரத்துக்கு வாடகை வாங்கலாம் என்று போடுகிறவர்கள் மறுபக்கம். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் ஊரில் வீடு கட்டும்போதே வரைபடத்தில் ஒரு மூலையைப் பச்சையாக அடித்துக் கொடுக்கிறார். "டர்ஃப் போடலாமா?" என்ற கேள்வி கல்யாண வீட்டுப் பந்தி வரை வந்துவிட்டது.

போடலாம். ஆனால் காலுக்குக் கீழே நல்ல மண்ணும் தலைக்கு மேலே திறந்த வானமும் உள்ள ஒரு கிராமத்து வீட்டுக்குப் பிளாஸ்டிக் புல் பெரும்பாலும் தவறான தேர்வு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். விளையாட்டுக்குக் களம் வேண்டும், வேலி வேண்டும், வெளிச்சம் வேண்டும். இவை மூன்றும் டர்ஃப் இல்லாமலே கிடைக்கும். டர்ஃப் போட்டால் கூடவே வரும் சூடு, ரப்பர் குருணை, எட்டு வருடம் கழித்துச் சுருட்டி வைக்கும் குப்பை ஆகியவற்றைப் பற்றி விற்பவர் யாரும் வாய் திறப்பதில்லை.

அரங்கத்துக்காகப் பிறந்த புல்

பிளாஸ்டிக் புல் பிறந்ததே புல் வளர முடியாத இடத்துக்காக. அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனம் உருவாக்கிய இந்த விரிப்பு 1964இல் ஒரு பள்ளியில் போடப்பட்டது. 1966இல் ஹூஸ்டன் நகரத்தின் கூரை மூடிய ஆஸ்ட்ரோடோம் அரங்கில், வெயில் படாமல் இயற்கைப் புல் செத்துப்போன தரையில் விரித்தபோது உலகம் அதைக் கவனித்தது. 'ஆஸ்ட்ரோ டர்ஃப்' என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அதுவரை எல்லா ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய இந்திய அணி அங்கே ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. அந்த அடியிலிருந்துதான் 'டர்ஃப் இருந்தால்தான் முன்னேற முடியும்' என்ற எண்ணம் நம்மிடம் வேர்பிடித்தது. ஹாக்கியைப் பொறுத்தவரை அது சரியான எண்ணம். மற்ற ஆட்டங்களுக்கும் அப்படியே பொருந்துமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

நம் ஊர்த் தோட்டத்துக்கு அது வந்த கதை வேறு. 2016 வாக்கில் பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும், பிறகு பரவிய கேரள வாடல் நோயும் தென்னையைப் பிடித்தபோது, காய்ப்பு நின்ற மரங்களை வெட்டியவர்கள் ஏராளம். வெட்டிய இடத்தில் என்ன செய்வது என்று திகைத்து நின்ற குடும்பத்துக்கு, மாதாமாதம் ரொக்கம் தரும் பயிராக டர்ஃப் தெரிந்தது. கூலி ஆள் பிரச்சினை இல்லை, விலை வீழ்ச்சி இல்லை என்ற கணக்கு. அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் வலியைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. கணக்கு சரிதானா என்று பார்க்கும் கடமை மட்டும் இருக்கிறது.

நாலு மணி வெயில்

எல்லாவற்றுக்கும் முதலில் சூட்டைப் பேச வேண்டும். காரணம், நம் ஊரில் இது வருடத்தில் பாதி நாள் நடக்கும் விஷயம். இயற்கைப் புல் இலை வழியாக ஈரத்தை வெளியேற்றித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. மண் தன்னிடம் இருக்கும் ஈரத்தை மெதுவாக ஆவியாக்குகிறது. பாலிஎத்திலீன் இழைக்கு இரண்டும் தெரியாது. விழுந்த வெயிலை வாங்கி அங்கேயே வைத்துக்கொள்ளும். இழைகளுக்கு நடுவே கொட்டப்படும் கறுப்பு ரப்பர் குருணை அந்த வெயிலை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 2002 ஜூனில் தன் வளாகத்திலேயே இதை அளந்து பார்த்தது. காலை 7 முதல் மாலை 7 வரையிலான சராசரியை எடுத்தால், இயற்கைப் புல்லின் மேற்பரப்பு சுமார் 26 டிகிரி செல்சியஸ், வெறும் மண் 37, தார்த் தரை 43, செயற்கைப் புல் 47. இந்த அளவீட்டின் உச்ச நேரத்தில் செயற்கைப் புல் 69 டிகிரியைத் தொட்டது. யூட்டா நம் வேலூரும் அல்ல, கரூரும் அல்ல. மலை சூழ்ந்த மாநிலம். சித்திரை வெயிலில் காற்றே 40 டிகிரியில் நிற்கும் நம் சமவெளியில் விரிப்பு என்ன சூட்டில் இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. மனிதத் தோல் 44, 45 டிகிரியை ஒட்டியே வலியை உணரத் தொடங்கிவிடும். கிராமத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள்.

"தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதே ஆய்வில் அதையும் தனியாகச் செய்து பார்த்தார்கள். 79 டிகிரியில் இருந்த விரிப்பு தண்ணீர் பட்டதும் 29க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49. இருபது நிமிடத்தில் 73. நூறடிக்கு ஐம்பதடி, அதாவது 5,000 சதுர அடி டர்ஃபுக்கு, சதுர மீட்டருக்கு இரண்டு லிட்டர் வீதம் தெளித்தால் ஒரு முறைக்கு 900 லிட்டருக்கு மேல் போகும். இருபது நிமிட ஆட்டத்துக்கு அவ்வளவு தண்ணீர். கோடையில் ஆழ்துளைக் கிணறு எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

இரவில் ஆடினால் சூடு ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். இல்லை. பொழுது சாய்ந்த பிறகு விரிப்பு வேகமாகவே ஆறிவிடும். வாடகை டர்ஃப்கள் மாலை ஆறு மணிக்கு மேல்தான் உயிர் பெறுகின்றன என்பதற்குக் காரணம் அதுவும்தான். ஆனால் சொந்த வீட்டில் பிள்ளைகளுக்கென்று போடும் களம் எப்போது பயன்பட வேண்டும்? பள்ளி விட்டு வந்ததும் நாலரை மணிக்கு. ஏப்ரல், மே விடுமுறையில் முழுப் பகலும். அந்த நேரத்தில்தான் விரிப்பு கொதிக்கிறது. யாருக்காகப் போட்டோமோ அவர்களுக்கு உதவாத நேரத்தில் குளிர்ந்து, வாடகைக்கு வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கும் ஒரு களத்தைப் பிள்ளைகளுக்கான செலவு என்று எப்படிச் சொல்வது?

பெட்டிச் செய்தி: 5,000 சதுர அடி டர்ஃபில் என்னென்ன இருக்கிறது?

பரப்பு: சுமார் 465 சதுர மீட்டர்.

விரிப்பு: சதுர மீட்டருக்கு 2.5 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு டன்னுக்கு மேல் பிளாஸ்டிக்.

மணல்: 40, 50 மில்லிமீட்டர் உயர இழைக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோ வீதம் 7 டன்.

ரப்பர் குருணை: சதுர மீட்டருக்கு 5 கிலோ வீதம் 2.3 டன். பெரும்பாலும் பழைய டயரை அரைத்தது.

100 மில்லிமீட்டர் மழை ஒரே நாளில் பெய்தால் மேலே விழும் தண்ணீர்: 46,500 லிட்டர்.

கீழே இருப்பதுதான் களம்

பச்சையைப் பார்த்து மயங்குகிறவர்கள் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. டர்ஃப் வேலையில் விரிப்பை ஒட்டும் வேலை கடைசி இரண்டு மூன்று நாள்தான். அதற்கு முன் மேல்மண்ணை ஜேசிபி வைத்துச் சுரண்டி, கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டி, ஜல்லியும் துகளும் கலந்து பரப்பி, மறுபடியும் ரோலர் ஓட்டி, நூறடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்து, ஓரத்தில் தண்ணீர் போக வாய்க்காலோ துளைக் குழாயோ பதிக்க வேண்டும். இதில் எங்கே மிச்சம் பிடித்தாலும் அடுத்த ஐப்பசியில் பல்லைக் காட்டிவிடும்.

கரிசல் பூமியில் இது இன்னும் கடினம். விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களிலும் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலும் உள்ள கறுப்பு மண் மழையில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கிக் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் ஆறு அங்குல ஜல்லியைக் கொட்டி விரிப்பை ஒட்டினால், முதல் வருடமே தரை அலையலையாகிவிடும். ஜாயின்ட் பிரியும். பிரிந்த இடத்தில் கால் மாட்டும். ஒன்றரை, இரண்டு அடிக்குக் கறுப்பு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவலால் நிரப்பினால்தான் ஓரளவு நிற்கும். அப்படித் தோண்டி எடுத்த மண் பருத்தியும் சோளமும் விளைந்த மண். அதைக் கொண்டுபோய் எங்கோ பள்ளத்தில் கொட்டிவிட்டால் திரும்பி வராது. பத்து வருடம் கழித்து டர்ஃப் வேண்டாம் என்று சுருட்டினாலும், கெட்டித்துப்போன கிராவல் மேடுதான் மிஞ்சும். அந்த இடத்தை மறுபடியும் விளைநிலமாக்குவது லேசான காரியம் அல்ல.

தண்ணீர் எங்கே போகும் என்பதும் அக்கம்பக்கத்து விவகாரம். வடகிழக்குப் பருவமழையின் ஒரு கனமழை நாளில் நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல் ஒரே பக்கமாக வடியும். உறிஞ்சுகுழி வெட்டவில்லை என்றால் அடுத்தவர் வரப்பை உடைத்துக்கொண்டு போகும். கிராமத்தில் வரப்புத் தகராறு எவ்வளவு தலைமுறை ஓடும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குருணை எங்கே போகிறது?

ஒரு டர்ஃபின் வாசலில் குனிந்து பார்த்தால் போதும். சிமென்ட் படியின் மூலையில் கடுகு போலக் கறுப்பு மணிகள் குவிந்து கிடக்கும். ஆடி முடித்து ஷூவைத் தட்டுகிறவர்கள் விட்டுப்போனவை. மழை பெய்தால் அவை வாய்க்காலுக்குப் போகும், வாய்க்காலிலிருந்து குட்டைக்கு. நகரத்தில் அது சாக்கடையில் மறைந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கிராமத்து வீட்டில் வாசலைத் தாண்டினால் தட்டைக்காடு, ஆடு மேயும் இடம், கிணறு. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துகளை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். இந்தக் குருணையோ பெரும்பாலும் இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டாது. நாமே டன் கணக்கில் விலைகொடுத்து வாங்கி, விளைநிலத்துக்கு நடுவில் கொட்டும் நுண்பிளாஸ்டிக் இது.

இதை ஐரோப்பா லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. செயற்கை ஆடுகளங்களிலிருந்து மட்டும் வருடத்துக்குச் சுமார் 16,000 டன் குருணை சுற்றுச்சூழலில் கலப்பதாக ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை மதிப்பிட்டது. அதைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் கொண்டுவந்த விதியின்படி, 2031 அக்டோபருக்குப் பிறகு செயற்கை ஆடுகளத்துக்கு நிரப்பியாக இந்தக் குருணையை விற்க முடியாது. டயரை அரைத்த ரப்பரில் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய சில வேதிப்பொருள்கள் இருப்பதால், அவற்றில் எட்டு வகையின் மொத்த அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு அங்கே 2022 ஆகஸ்டிலிருந்தே நடப்பில் இருக்கிறது. நம் ஊரில் லாரியில் வந்து இறங்கும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று எந்த வீட்டுக்காரர் சோதித்துப் பார்க்கிறார்? ஒரு கண்டம் கைவிட்டுக்கொண்டிருக்கும் பொருளை நாம் இப்போதுதான் ஆசையோடு கைநீட்டி வாங்குகிறோம்.

பிறகு அந்த எட்டாவது வருடம். விரிப்பின் ஆயுள் எட்டு முதல் பத்து வருடம் என்பது கம்பெனிக் கணக்கு. நம் வெயிலில் அதற்கு முன்பே இழை வெளுத்து, நொறுங்கிப் பொடியாக உதிரத் தொடங்கிவிடும். சுருட்டும்போது அது பச்சைப் பாயாக வராது. மணலும் ரப்பரும் தூசியும் ஒட்டிய, பல டன் கனமுள்ள குப்பையாக வரும். இழை ஒரு பிளாஸ்டிக், அடித்துணி வேறு பிளாஸ்டிக், ஒட்டுப்பசை ரப்பர்ப் பால் வகை. பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால் பழைய இரும்புக்காரர் இதைத் தொட மாட்டார். கடைசியில் தோட்டத்து மூலையில் கிடக்கும், அல்லது ஒரு ராத்திரியில் தீ வைக்கப்படும். இரண்டுமே அந்த மண்ணுக்கும் அங்கே மூச்சு விடுகிறவர்களுக்கும் செய்யும் கேடு.

வருமானம் வருகிறதே?

இந்த வாதத்துக்கு எதிராக வரும் வலுவான கேள்வி இதுதான். கணக்குக்காக, மொத்த முதலீடு 20 லட்சம், மணிக்கு 700 ரூபாய் வாடகை, நாளுக்கு நாலு மணி நேரம், மாதத்தில் 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 70,000 ரூபாய் வரும். காவலுக்கு ஆள், மின்கட்டணம், வலையும் விளக்கும் பழுது பார்ப்பது, குருணை நிரப்புவது எல்லாம் போக 40,000 மிஞ்சினால், முதல் திரும்ப நாலு வருடத்துக்கு மேல் ஆகும். வங்கிக் கடனென்றால் இன்னும் தள்ளிப்போகும். அதற்குள் விரிப்பின் பாதி ஆயுள் முடிந்திருக்கும். இந்தக் கணக்கு அந்த நாலு மணி நேரத்தின் மேல்தான் நிற்கிறது. அடுத்த கிராமத்தில் இன்னொருவர் புதிதாகப் போட்டு, மணிக்கு 500 என்று பலகை வைத்தால் நாலு இரண்டாகும். இருபது வயதுப் பையன்கள் வெளிச்சம் நன்றாக இருக்கும் புது டர்ஃபைத் தேடிப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொப்பரை விலையை நம்பி ஏமாந்தவர் இங்கேயும் சந்தையைத்தான் நம்பி நிற்கிறார்.

வாடகைக்கு விட்ட அன்றே அது வீட்டுக் களம் என்ற நிலை மாறிவிடுகிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். விவசாய மோட்டாருக்கான இலவச மின்சாரத்திலிருந்தோ வீட்டு இணைப்பிலிருந்தோ ஃப்ளட் லைட்டுக்கு வயர் இழுத்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அபராதம் வரும். வணிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும். நஞ்சை நிலமென்றால் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பதினோரு மணிக்குச் சிக்ஸர் அடித்த கூச்சல் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை எழுப்பும்போது, விதி தெரியாத அந்தத் தாய்க்கும் அதன் நியாயம் தெரியும்.

பெண்பிள்ளைகளும் ஹாக்கியும்

வருமானத்தைவிட மனதைத் தொடும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஊர் மைதானத்தில் ஆண்கள் கூட்டம். அங்கே மகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் ஏராளம். வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒரு களம் இருந்தால் அவளும் ஆடுவாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள், கைப்பேசியை விட்டு எழுந்திருப்பார்கள். முழுக்க உண்மை. எத்தனையோ பெண்பிள்ளைகளின் விளையாட்டு ஏழாம் வகுப்போடு நின்றுபோவது இதனால்தான். ஆனால் அவளை ஆடவைப்பது காம்பவுண்டும் வலையும் விளக்கும் தாயின் சம்மதமும். தரை பிளாஸ்டிக்காக இருக்க வேண்டிய கட்டாயம் அதில் எங்கே வருகிறது? பெண்கள் கபடிக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர் போதும். இரட்டையர் பேட்மின்டனுக்கு 13.4க்கு 6.1. வாலிபாலுக்கு 18க்கு 9. இவை எல்லாம் நம் ஊரில் மண்ணில் ஆடி வளர்ந்த ஆட்டங்கள். தஞ்சை அரண்மனையில் ஆடப்பட்ட பூப்பந்தாட்டம் மண் களத்திலேயே நூற்றைம்பது வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கிறது.

"மேலே போக வேண்டுமானால் டர்ஃப் பழக்கம் வேண்டாமா?" என்பது அடுத்தது. ஹாக்கிக்கு வேண்டும். கரிசல் மண் தரையில் ஆடியே ஹாக்கி ஊர் என்று பெயர் வாங்கிய கோவில்பட்டிக்குச் செயற்கைத் தரை வந்தது நியாயமான, தாமதமான காரியம். 2025இல் ஜூனியர் உலகக் கோப்பையைச் சென்னையும் மதுரையும் நடத்தியதும் அப்படிப்பட்ட தரை இருந்ததால்தான். ஆனால் ஹாக்கித் தரை முழு அளவில் 91 மீட்டர் நீளம். அது அரசாங்கமும் ஊரும் சேர்ந்து போட வேண்டிய பொதுச் சொத்து. வீட்டுப் பின்கட்டில் போடும் ஐம்பதடி விரிப்பில் ஹாக்கி வராது. கிரிக்கெட்டில் சர்வதேச ஆட்டம் இன்றும் களிமண் பிட்ச்சில்தான். கால்பந்துக்கு 2026 உலகக் கோப்பையை நடத்தும் அரங்கங்கள் அனைத்திலும் இயற்கைப் புல் இருக்க வேண்டும் என்று ஃபிஃபா நிபந்தனை போட்டது. செயற்கைத் தரை இருந்த அமெரிக்க அரங்கங்கள் அதற்காகவே புல் தரைக்கு மாறின. 2015 மகளிர் உலகக் கோப்பையை முழுக்கச் செயற்கைத் தரையில் நடத்தியதை எதிர்த்து வீராங்கனைகள் கனடாவில் சட்ட நடவடிக்கை வரை போனார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர்கள் சங்கம் 2020இல் சொன்ன கணக்கின்படி, யாரும் மோதாமலே வரும் முழங்கால் காயம் செயற்கைத் தரையில் 32 சதவீதம் அதிகம், பாதம், கணுக்கால் காயம் 69 சதவீதம் அதிகம். ஷூ தரையில் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பிவிடும், மூட்டு நடுவில் மாட்டும். மண்ணில் கால் சற்று வழுக்கிக் கொடுக்கும்.

மழைக்கால வாதத்தில் மட்டும் டர்ஃப் பக்கம் உண்மை இருக்கிறது. நல்ல வடிகால் உள்ள டர்ஃபில் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் ஆடலாம். மண் களம் காய ஒரு நாள் வெயிலாவது வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டம் தடைப்படும். தினமும் ஆறேழு மணி நேரம் ஓடும் பயிற்சிக்கூடத்துக்கு இது பெரிய இழப்பு. ஒரு வீட்டுக்கு? வருடத்தில் நாற்பது, ஐம்பது நாள் ஆட்டம் போவதைத் தவிர்க்க எட்டு வருடத்துக்கு டன் கணக்கான பிளாஸ்டிக்கைச் சுமப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பெட்டிச் செய்தி: மண் களம் போடும் முறை

மேல்மண்ணை அரையடி எடுத்துத் தோட்டத்திலேயே பாத்திக்குப் போடுங்கள். வெளியே அனுப்ப வேண்டாம்.

அடியில் நாலு முதல் ஆறு அங்குலம் முரம்பு அல்லது கிராவல். அனுமதி பெற்ற குவாரியிலிருந்து மட்டும் வாங்குங்கள். தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுங்கள்.

அதன் மேல் சலித்த செம்மண், கொஞ்சம் களிமண், கொஞ்சம் மணல் கலந்து மூன்று அங்குலம். ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் கையில் ஒட்டாத பதத்தில் ரோலர்.

நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் நூறுக்கு ஒன்று வாட்டம். ஓரத்தில் வாய்க்கால், அதன் முடிவில் உறிஞ்சுகுழி.

கோட்டுக்குச் சுண்ணாம்பு. மேற்குப் பக்கம் களத்திலிருந்து தள்ளி வேம்போ புங்கனோ வைத்தால் நாலு மணி வெயிலை மறைக்கும்.

ஆடும் நாளில் மாலையில் தண்ணீர் தெளிப்பு. வாலிபால் களத்துக்கு நானூறு லிட்டருக்குள் முடியும்.

ஊர் மைதானம்

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத விளைவு ஒன்று உண்டு. வசதியுள்ள வீட்டின் பையன் தன் வலைக்குள் ஆடத் தொடங்கியதும் ஊர் மைதானம் ஓர் ஆட்டக்காரனை மட்டும் இழப்பதில்லை. அந்த மைதானத்தில் முள் வெட்ட வேண்டும், ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும் என்று கிராம சபையில் எழுந்து கேட்கக்கூடிய குடும்பத்தையும் இழக்கிறது. தமிழக அரசு 2024இல் 12,525 ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பைக் கொடுக்கத் தொடங்கியது. பந்தும் மட்டையும் வலையும் வந்து சேர்ந்தன. அவற்றை வைத்து ஆட மட்டமான தரை எத்தனை ஊரில் இருக்கிறது? மந்தையும் மேய்ச்சல் புறம்போக்கும் சுருங்கிக்கொண்டே வரும் காலத்தில், மணிக்கு 700 ரூபாய் பங்கு போட முடியாத பையன் வலைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறான். விளையாட்டு காசுள்ளவன் சமாசாரம் என்ற எண்ணம் கிராமத்துக்குள் நுழைய நாம் வழிவிடக் கூடாது.

மண் களத்தைப் பராமரிக்க ஆள் வேண்டுமே என்பது கடைசி ஆட்சேபம். வேண்டும். தண்ணீர் தெளிக்க, பள்ளத்தை நிரப்ப, மழைக்குப் பின் ரோலர் இழுக்க யாராவது வேண்டும். டர்ஃபுக்கும்தான் வேண்டும்: இழையைச் சீவி நிமிர்த்த, குருணை நிரப்ப, ஜாயின்ட் ஒட்ட. வித்தியாசம் என்னவென்றால், டர்ஃபில் பழுது வந்தால் கோயம்புத்தூரிலிருந்து கம்பெனி ஆள் வர வேண்டும். மண் களத்தை அந்த வீட்டுப் பிள்ளைகளே சரிசெய்யலாம். நெல் அடிக்கும் களத்தைச் சாணம் மெழுகிக் கண்ணாடி போல வைத்திருந்த ஊர்களில் தரையைக் கெட்டிக்கும் கைப்பழக்கம் இன்னும் மூத்தவர்களிடம் இருக்கிறது. அதைப் பேரப்பிள்ளைகள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் டர்ஃப்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள், குறைந்தபட்சம் சிலவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். ரப்பர் குருணை வேண்டாம், மணல் மட்டும் நிரப்பும் 12 முதல் 20 மில்லிமீட்டர் குட்டை இழையைக் கேளுங்கள். நாலு பக்கமும் நாலங்குலக் கட்டு எழுப்பி நிரப்பி வெளியே போகாமல் தடுங்கள். அடித்தள வேலையை உங்கள் கண் முன்னே, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து முடிக்கச் சொல்லுங்கள். வெயிலில் இழை கெடாது என்ற உத்தரவாதத்தையும், ஆயுள் முடிந்ததும் பழைய விரிப்பைத் தாங்களே எடுத்துச் செல்வோம் என்ற உறுதியையும் எழுத்தில் வாங்குங்கள். இந்த இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட மறுக்கும் கம்பெனிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.